லண்டன் வருகிறவர்களுக்கு: பெட்டியில் எந்தத் துணி, இங்கே எந்த அளவு

செப்டம்பரில் படிக்க வருகிற பிள்ளைகளும் வேலை விசாவில் குடும்பத்தோடு வருகிறவர்களும் கேட்பது ஒன்றுதான். என்ன துணி எடுத்து வருவது, என் உடம்புவாகுக்கு இங்கே என்ன பொருந்தும்? தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

ஊரில் நமக்கு டெய்லர் இருந்தார். அளவு ப்ளவுஸ் ஒன்றைக் கொடுத்து, ‘இடுப்பில் மட்டும் கொஞ்சம் பிடித்துவிடுங்கள்’ என்றால் வேலை முடிந்தது. இங்கே துணி ரெடிமேடாகத்தான் வருகிறது, அதுவும் நம்மைவிட உயரமான பெண்ணை மனதில் வைத்து வெட்டியது. ஐந்தடி உயரத்துக்காரர் சாதாரண அளவில் ஒரு டிரஸ் போட்டால், இடுப்புக்கு வைத்த வளைவு இடுப்பைத் தாண்டி இறங்கி உட்காரும். கை நீளம் விரல் வரை வரும். டிரையல் ரூம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ‘வயிறு போட்டுவிட்டது’ என்று நொந்துகொள்வீர்கள். வயிறு பாவம், ஒன்றும் செய்யவில்லை. வெட்டுதான் உங்களுக்கானது இல்லை.

அதனால் பெட்டீட் பிரிவை முதலில் தேடுங்கள். பிரிட்டன் கடைகளில் பெரும்பாலும் 5 அடி 3 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அது. ஒல்லியானவர்களுக்கு என்று நினைத்துப் பலர் ஒதுங்கிப் போகிறார்கள். அப்படி இல்லை, 18 என்கிற பெரிய அளவிலும் பெட்டீட் உண்டு. நீளத்தை மட்டும் குறைத்துத் தைப்பதல்ல அது. தோள், இடுப்பு, முழங்கால் எல்லாமே மேலே ஏற்றி வெட்டப்பட்டிருக்கும். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், நெக்ஸ்ட் இரண்டிலும் கிடைக்கும்.

ஆப்பிள், பேரிக்காய் என்று பழக்கடை போடுகிற உடம்பு வகைகளை விட்டுத் தள்ளுங்கள். ஒரு இஞ்ச் டேப் எடுத்து மார்பு, இடுப்பு, பின்பக்கம் மூன்றையும் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்க அளவுதான் நம்மில் பலருக்குத் தெரியாது. குர்த்திக்குப் பக்கவாட்டில் ஸ்லிட் இருப்பதால் அந்த அளவு இதுவரை தேவைப்பட்டதே இல்லை. ஸ்லிட் இல்லாத டிரஸ் போட்டதும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். பின்பக்கம் அகலமானவர்கள் அந்த அளவுக்கு வாங்கி இடுப்பைப் பிடிக்கக் கொடுங்கள், அல்லது இடுப்பிலிருந்து கீழே விரிந்து போகும் ஏ-லைன் எடுங்கள். மேல்சட்டை, கோட் என்றால் தோள்பட்டைத் தையல் உங்கள் தோள் முனையில் நிற்கிறதா என்று பாருங்கள். நீளத்தையும் இடுப்பையும் குறைத்துவிடலாம், தோளைச் சரிசெய்யும் கூலிக்கு இன்னொரு சட்டையே வாங்கிவிடலாம்.

ஆல்ட்ரேஷன் வேலையைப் பல டிரை கிளீனிங் கடைகளே செய்கின்றன. ப்ளவுஸ் மாதிரி நம் துணி என்றால், லண்டனில் நம்மவர்கள் அதிகம் வாழும் ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, டூட்டிங் பக்கம் போங்கள்.

எண்களில் ஒரு குழப்பம் வரும். பிரிட்டனில் 12 என்பது அமெரிக்காவில் 8, ஐரோப்பிய அளவில் 40. ஆன்லைனில் எந்த நாட்டு எண் என்று பார்த்து வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டு அளவும் வரவழைத்து ஒன்றைத் திருப்பி அனுப்பலாம். ஆன்லைனில் வாங்கியதை, கைக்கு வந்த 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்ல சட்டத்திலேயே இடம் உண்டு. சொன்ன பிறகு திருப்பி அனுப்ப இன்னும் 14 நாள். கடையில் நேரில் வாங்கியதற்கு அந்த உரிமை கிடையாது, மனம் மாறினால் கடைக்காரர் வைத்த விதிதான். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

அடுத்தது கோட். ஊரில் திபெத்தியர் கடையில் வாங்கிய தடி ஸ்வெட்டர்களைப் பெட்டி நிறைய அடைத்து வராதீர்கள். வெளியே குளிர், ரயிலுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் ஹீட்டர். தடியாக ஒன்று போட்டால் உள்ளே வந்ததும் வேர்த்து ஊற்றும். உடம்போடு ஒட்டும் மெல்லிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் சட்டை, மெல்லிய கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நல்ல கோட் என்று அடுக்கிக்கொள்ளுங்கள். காற்று குடையைத் திருப்பிவிடும், அதனால் தலையை மூடும் ஹுட் இருக்கட்டும். கோட்டை ஸ்வெட்டர் மேல் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். குர்த்தி போடுகிறவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள்: இடுப்போடு நிற்கிற ஜாக்கெட்டுக்குக் கீழே குர்த்தி தொங்கினால் உடம்பு இரண்டு துண்டாகத் தெரியும், மழையில் அந்த ஓரம் நனைந்து தொடையில் ஒட்டும். குர்த்தியைவிட நாலு விரல் நீளமான கோட்தான் சரி.

ஆண்களுக்கும் சொல்லுங்கள் அக்கா என்று ஒரு தம்பி கேட்டார். தம்பி, இங்கே ஃபார்மல் சட்டையைப் பெரும்பாலும் கழுத்தளவில் விற்கிறார்கள், 15, 15.5 என்று. ஊரில் வாங்கிய 40, 42 இங்கே உதவாது. பேன்ட்டுக்கு இடுப்பு, கால் நீளம் என இரண்டு எண். தொப்பையும் ஒல்லிக் காலும் சேர்ந்த நம் ஆட்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு, கால் பக்கம் துணி மடிந்து கிடக்க நடக்கிறார்கள். இடுப்பில் நிற்கிற அளவு வாங்கி, கால் பகுதி கீழே போகப் போகக் குறுகும் டேப்பர்ட் வகையை எடுங்கள். ஷார்ட் நீளம் கேட்க வெட்கப்படாதீர்கள்.

குட்டையாக, சின்ன உடம்பாக இருப்பவர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. குழந்தைகள் துணிக்கும் ஷூவுக்கும் இங்கே வாட் வரி கிடையாது, பெரியவர்களுடையதற்கு 20 சதவீதம். 13 வயது அளவு உங்களுக்குச் சேர்ந்தால் அந்தப் பிரிவில் ரெயின்கோட்டும் ஷூவும் பாருங்கள். யாரும் கேட்க மாட்டார்கள்.

ஊரிலிருந்து வருவதில் பருத்தி உள்ளாடை, பாவாடை, நைட்டி, உள்ளே துணி விட்டுத் தைத்த ப்ளவுஸ்கள் கட்டாயம் வரட்டும். பட்டு இரண்டு மூன்று போதும். வாடகை அறையில் ஒரு சின்ன அலமாரிதான் இருக்கும், வெளிச்சுவரை ஒட்டியிருந்தால் ஈரம் பிடித்துப் பூஞ்சை வரும். ஒரு முழுக் குளிர்காலமும் கோடையும் போகட்டும். அதற்குள் ஒரு தடவைகூட எடுக்காததை ஆக்ஸ்ஃபாம் மாதிரி, தானமாக வந்த பழைய பொருட்களை விற்கும் சாரிட்டி கடையில் கொடுங்கள், அல்லது பழைய துணி விற்கும் விண்டெட் ஆப்பில் விற்றுவிடுங்கள். வாங்கவும் அந்தக் கடைகளே நல்லது. வசதியானவர்கள் வாழும் ஏரியாவில் இருக்கும் சாரிட்டி கடைகளில் நல்ல கம்பளிக் கோட் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும்.

அப்படி வாங்கிய கம்பளியைப் பட்டுப் புடவையோடு அடுக்காதீர்கள். இங்கே அந்துப்பூச்சித் தொல்லை உண்டு, அதன் புழு கம்பளி, பட்டு இரண்டையும் தின்னும். நாப்தலின் உருண்டை இங்கே விற்பதில்லை, ஊரிலிருந்தும் கொண்டுவர வேண்டாம். பட்டுப் புடவையை வெள்ளை வேட்டித் துணியில் சுற்றித் தனியே வையுங்கள். பழைய கம்பளியை வீட்டுக்குள் சேர்க்கும் முன் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் போடுங்கள். ரூம்மேட்டிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஃப்ரீஸர் இடத்துக்குச் சண்டை வரும்.