வேலை, வீடு, படிப்பு: நேரம் எங்கே போகிறது?

கிராணி அக்கா:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணி (குமாஸ்தா) வேலை. காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்த கையோடு தொடங்கினால் செக்ரோல் (ஆட்களின் வேலை, சம்பளப் பதிவேடு), குலைக் கணக்கு, லாரி சீட்டு என்று வீடு வர ஐந்தாகிவிடும். அப்புறம் சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், மாமியாருக்கு மருந்து. டிப்ளோமா சேர்ந்து நாலு மாதம், புத்தகத்தைத் திறந்தது நாலு தடவை இருக்கும். மாதக் கடைசி இன்னும் மோசம். 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும் என்பது சட்டம், செக்ரோல் முடியும் வரை மூச்சு விட முடியாது. அட்டவணை போட்டேன், மூன்றாம் நாளே கைவிட்டேன். வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

மில் ஷிப்ட்காரன்:
தங்கச்சி, அட்டவணையை விடும்மா. ஒரு வாரம் நடந்ததை மட்டும் எழுது, அரை மணிக்கு ஒரு வரி. நான் அப்படித்தான் எழுதினேன், 'பசியாறினேன், வாட்சப் பார்த்தேன், லாரிக்காரர் கூப்பிட்டார்' என்று. ஏழு நாள் கழித்துக் கூட்டினால் போனில் மட்டும் 11 மணி நேரம்! அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

தாப்பா தம்பி:
இருக்கிற நேரம் முழுக்க வேலை பரவிக்கொள்ளும் என்று பார்க்கின்சன் 1955இல் எழுதினார். அப்போது அவர் சிங்கப்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். செக்ரோலும் அப்படித்தான் அக்கா, கடைசிக்கு விட்டால் ஒரு வாரத்தையே தின்றுவிடும். தினமும் பெரட்டு முடிந்ததும் முந்தின நாள் கணக்கை மட்டும் முடித்துவிடுங்கள், 25 நிமிடம் டைமர் வைத்து, அப்புறம் 5 நிமிடம் ஓய்வு. சிரில்லோ என்ற இத்தாலியர் படிக்கிற காலத்தில் தக்காளி வடிவ அடுப்படி டைமரை வைத்துக் கண்டுபிடித்த முறை இது. பாடத்துக்கும் இதையே வைத்துத்தான் நான் படித்தேன்.

ரெண்டு பிள்ளை அம்மா:
டைமர் சரி தம்பி, ஆனால் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று யாருமே கேட்கவில்லையே? அக்கா சொன்ன வேலையெல்லாம் ஒரே ஆள் தலையில் இருக்கிறது, அதை 25 நிமிடமாக வெட்டினாலும் குறையாது. நான் படித்தபோது ராத்திரிப் பாத்திரமும் ஞாயிற்றுக்கிழமைத் துணியும் அவர் பொறுப்பு என்று கொடுத்துவிட்டேன். முதல் வாரமே பிள்ளையின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை நீலமாகி வந்தது. வாய் திறக்காமல் இருந்தேன், அதுதான் கஷ்டம். மறு வாரம் அவரே பிரித்துப் போட்டார். இன்னொன்று, 2023 ஜனவரி 1 முதல் சட்டப்படி வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிதான், முன்பு 48. ராத்திரி வருகிற ஆபீஸ் வாட்சப்புக்கு மறுநாள் பெரட்டில் பதில் சொல்லுங்கள்.

கிராணி அக்கா:
பெரியவனின் பழைய கணக்கு நோட்டில் மூன்று நாளாக எழுதுகிறேன். ஐந்திலிருந்து ஒன்பதரை வரை எல்லா வரியிலும் அடுப்படிதான். இன்று சாப்பிட்டதும் அந்த நோட்டை வீட்டுக்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லப்போகிறேன்.