இரட்சிப்பின் நிச்சயம் உங்களுக்கு எப்படி வந்தது?

தொடங்கியவர்: சென்னையில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர்

தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. கைக்குழந்தையில் ஞானஸ்நானம், பள்ளிப் பருவத்தில் திடப்படுத்தல், ஓய்வுநாள் பாடசாலையில் வசனப் போட்டிப் பரிசுகள் என்று ஒழுங்காக வளர்ந்தவன். சென்னைக்கு வந்து ஒரு வாலிபர் ஐக்கியத்தில் சேர்ந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. சாட்சி சொல்லும் நேரத்தில் ஆளாளுக்கு எழுந்து, இன்ன வருடம், இன்ன தேதி, இன்ன கூட்டத்தில் இரட்சிக்கப்பட்டேன் என்கிறார்கள். எனக்குச் சொல்ல ஒரு தேதி இல்லை. "அப்படியானால் நீங்கள் இன்னும் இரட்சிக்கப்படவில்லை, இன்றைக்கே தீர்மானம் எடுங்கள்" என்றார் கூட்டத்தை நடத்தியவர். எடுத்தேன். அன்றிரவு நிம்மதியாக இருந்தது. மறுவாரமே, அது மெய்யான தீர்மானம்தானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. மத்தேயு ஏழாம் அதிகாரத்தில் "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்று ஆண்டவர் சொல்லும் இடத்தை வாசித்தால் தூக்கம் போய்விடுகிறது. உபதேசமாக வேண்டாம், உங்களுக்கு நடந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை

தம்பி, உங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி எனக்குப் பிடிக்காத கேள்வி. அதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

என் அப்பா தேரிக்காட்டுப் பக்கத்துச் சிற்றூர்களில் உபதேசியாராக இருந்தவர். நான் பள்ளியில் படித்த நாட்களில் எங்கள் சேகரத்தில், அதாவது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரத்தில், கன்வென்ஷன் என்ற எழுப்புதல் கூட்டங்கள் நடக்கும். கடைசி இரவில் முன்னால் போகிறவர்களுக்கு ஒரு சீட்டும், சணல் கட்டிய பென்சிலும் தருவார்கள். பெயர், ஊர், இரட்சிக்கப்பட்ட தேதி என்று மூன்று கோடுகள். முதல் இரண்டையும் நிரப்பிவிட்டு மூன்றாவதற்கு விழித்துக்கொண்டு நின்றேன். சீட்டைக் கொடுக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து அசனத்துக்கு, அதாவது கோயில் விருந்துக்கு, வந்த அரிசிக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தார். சீட்டை வாங்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "பவுலுக்கு ஆண்டவர் தரிசனமாகத் தமஸ்குவுக்குப் போகிற வழி இருந்தது. அவர் சீடன் தீமோத்தேயுவுக்கு லோவிசாள் என்று ஒரு பாட்டியும், ஐனிக்கேயாள் என்று ஒரு தாயும்தான் இருந்தார்கள். எந்தத் தேதி என்று பவுல் அவனைக் கேட்டதாக எங்கேயாவது இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு அரிசிக் கணக்குக்குத் திரும்பினார்.

எங்கள் பக்கத்துச் சரித்திரமே அப்படித்தான். முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு 1799-ல் உண்டானபோது, துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த குடும்பங்கள் கூட்டமாகக் குடியேறின. பின்னால் ஊர் ஊராக மக்கள் சபையில் சேர்ந்தார்கள். அந்த மூதாதையரை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராகத் தேதி கேட்டிருந்தால் பாதிப் பேர் திகைத்திருப்பார்கள். ஆனாலும் வயலையும் வீட்டையும் இழந்தும் பின்வாங்காமல் நின்றவர்கள் அவர்களில் உண்டு.

அப்பாவின் பதிலால் என் மனம் அன்றே அடங்கிவிடவில்லை. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் நாட்குறிப்பை வாசித்தேன். வெஸ்லி ஆக்ஸ்போர்டில் படித்தவர், குருப்பட்டம் பெற்றவர். ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகப் போகும் வழியில், 1736 ஜனவரியில், கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். மொராவியர் என்ற ஜெர்மானியச் சபையின் குடும்பங்கள் ஞானப்பாட்டை நிறுத்தவில்லை. கரையேறிய பிறகு மொராவியத் தலைவர் ஸ்பாங்கன்பெர்க் அவரிடம், இயேசு கிறிஸ்துவை அறிவீரா என்று கேட்டார். உலக இரட்சகர் என்று அறிவேன் என்றார் வெஸ்லி. "மெய்தான், உம்மை இரட்சித்தார் என்று அறிவீரா?" என்று மறுகேள்வி வந்தது. வெஸ்லி ஏதோ சொல்லிச் சமாளித்தார். அது வெறும் வார்த்தையோ என்று அஞ்சுகிறேன் என அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு வந்ததுதான் பலரும் அறிந்த 1738 மே 24. லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டம். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்துக்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். மணி ஒன்பது அடிக்கக் கால்மணி நேரம் இருக்கும்போது தம் இருதயம் விசித்திரமாய் அனல்கொண்டது என்று வெஸ்லி குறித்திருக்கிறார். மேடைதோறும் இதைச் சொல்லுவார்கள். அதோடு புத்தகத்தை மூடியும் விடுவார்கள். அடுத்த வருடம் ஜனவரி 4-ஆம் தேதிக் குறிப்பையும் யாராவது வாசித்துக் காட்டலாம். "நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல" என்று அடித்து எழுதியிருக்கிறார் அதே வெஸ்லி. அனல் வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை! ஆனாலும் குதிரை ஏறி ஊர் ஊராகப் பிரசங்கிப்பதை அவர் விடவில்லை. அந்த ஜனவரிக் குறிப்பை வாசித்த அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு விட முடிந்தது. அவ்வளவு பெரிய மனிதருக்கே நெஞ்சின் சூடு ஏறி இறங்குமானால், என் சூட்டை அளந்து பார்க்கும் வேலையை நான் விட்டுவிடலாம் அல்லவா?

நிச்சயம் என்று நான் சொல்லக்கூடியது அதற்கும் வெகுகாலம் கழித்து, கணவர் இறந்த வருடத்தில் வந்தது. வீட்டில் வாயைத் திறந்து ஜெபிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போய் உட்காருவேன். பாவ அறிக்கையையும் விசுவாசப் பிரமாணத்தையும் முன்வரிசைக் கிழவிகள் உரக்கச் சொல்லுவார்கள், நான் உதட்டை மட்டும் அசைப்பேன். அந்த வருடம் முடிந்த பிறகுதான் கவனித்தேன்: நான் இரட்சிக்கப்பட்டவள்தானா என்ற கேள்வி அத்தனை மாதமும் எனக்கு எழவே இல்லை. ஜெபிக்கவும் வலு இல்லாதவளை ஆண்டவர் வைத்துக்கொண்டிருந்தார். என் கையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாத காலம் அது.

உங்கள் கூட்டத்தில் மறுபடி தேதி கேட்டால், ஞானஸ்நானத் தேதியைச் சொல்லுங்கள். சபைப் பதிவேட்டில் இருக்கும். சோதனை வந்தபோதெல்லாம் லூத்தர் பற்றிக்கொண்டது, தான் ஞானஸ்நானம் பெற்றவன் என்பதைத்தான்.

தூத்துக்குடி, கத்தோலிக்கர்

எங்களை யாரும் தேதி கேட்பதில்லை. மீட்படைந்துவிட்டேன் என்று மார்தட்டிச் சொன்னால்தான் பங்குத்தந்தை புருவத்தை உயர்த்துவார். சிறப்பு வெளிப்பாடு இல்லாமல் ஒருவர் தன் நிலையை ஐயமற அறிய முடியாது என்பது 1547-ல் எங்கள் திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் சொன்னது. டீச்சரம்மா இதற்கு எதிர்வழக்கு வைத்திருப்பார். இருக்கட்டும்.

எனக்குக் கைகொடுத்தது, பிரெஞ்சுப் படையோடு போருக்குப் போன புனிதை ஜோன் ஆஃப் ஆர்க் சொன்ன பதில். 1431-ல் ரூவான் நகரத்து விசாரணையில், நீ கடவுளின் அருளில் இருப்பதாக அறிவாயா என்று அவரைக் கேட்டார்கள். ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் குற்ற ஒப்புதல், இரண்டு பக்கமும் கண்ணி. "இல்லாவிட்டால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக, இருந்தால் அதிலேயே காப்பாராக" என்றாராம், எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பத்தொன்பது வயதுப் பெண். ஒப்புரவுக்காக, அதாவது குருவிடம் பாவ அறிக்கை செய்ய, வரிசையில் நிற்கும்போதெல்லாம் இதைத்தான் முணுமுணுப்பேன்.

கோயம்புத்தூர், கணக்காளர்

தொடங்கிய சகோதரரே, உங்கள் பதிவில் ஒரு வரி என்னை நிறுத்தியது. தீர்மானம் எடுத்தேன், அன்றிரவு நிம்மதி, மறுவாரம் மறுபடி சந்தேகம் என்றீர்கள். எனக்கு அந்த மறுவாரம் மறுநாளாகி, பிறகு மறுநிமிடமாகிவிட்டது. இயேசுவை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லும் பாவியின் ஜெபத்தைச் சிக்னலில் வண்டி நிற்கும்போது சொல்லுவேன். ஒரு சொல் தடுமாறினால் முதலிலிருந்து தொடங்குவேன். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடிப்பார்கள், ஆமென் வந்திருக்காது. ஆண்டவரைப் பற்றி அசிங்கமான ஒரு எண்ணம் தானாக மண்டைக்குள் ஓடும். இதுதான் மன்னிக்கப்படாத பாவமோ என்று குலை நடுங்கும். போதகருக்கு நள்ளிரவில் "ஐயா, ஒரு சந்தேகம்" என்று செய்தி அனுப்புவேன். அவர் பதில் சொன்னால் அரைமணி நேரம் தாங்கும்.

கடைசியில் மனநல மருத்துவரிடம் போனேன். எண்ணச்சுழற்சி நோய், ஓ.சி.டி. என்றார். கை கழுவிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், சிலருக்கு அதே நோய் பக்தியின் உருவில் வரும் என்று விளக்கினார். ஆறுதல் கேட்டு வாங்குவதும், ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் நோய்க்குப் போடும் தீனி. கிடைக்கிற நிம்மதியே அடுத்த சந்தேகத்தைக் கூட்டிக்கொண்டு வரும். மருந்து கொடுத்தார். கூடவே பயிற்சி: சந்தேகம் வரும், வரட்டும், பதில் தேடாமல் இரு. முதலில் இது அவிசுவாசத்துக்குப் பயிற்சி என்றே எனக்குப் பட்டது. போதகரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், மருத்துவர் சொன்னதற்கு ஒத்துழைத்தார். அதன்பின் என் "ஒரு சந்தேகம்" எதற்கும் பதில் அனுப்பவில்லை. எவ்வளவு கோபப்பட்டேன் தெரியுமா!

இம்மானுவேலின் இரத்த ஊற்றைப் பற்றி நாம் திருவிருந்தில் பாடுகிறோமே, அதை ஆங்கிலத்தில் எழுதிய வில்லியம் கூப்பர் 1773-க்குப் பிறகு, தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்றே நம்பினார். 1800-ல் இறக்கும்வரை அந்த இருள் முழுதாக விலகவில்லை. அவர் பாட்டைப் பாடி எத்தனையோ பேர் நிச்சயம் பெற்றார்கள். விசுவாசம் குறைந்ததால் அவருக்கு அப்படி ஆயிற்று என்று யாராவது சொன்னால் எனக்கு இரத்தம் கொதிக்கும். நோய் நோய்தான்.

இப்போதும் எனக்கு நல்ல உணர்வு ஒன்றும் பொங்கி வருவதில்லை. மாற்கு ஒன்பதில் அந்தப் பையனின் தகப்பன் சொன்ன ஜெபத்தைக் காலையில் ஒரே ஒரு தரம் சொல்லுகிறேன்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்". சரியாகச் சொன்னேனா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. உங்களுக்கும் இந்த நோய் என்று நான் சொல்லவில்லை. தூக்கம் கெடுவது தொடர்ந்தால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். வேதத்துக்கு விரோதமான காரியம் அல்ல.

செவிலியர், ஊர் வேண்டாம்

என் அனுபவம் இன்னொருவருடையது. எங்கள் வார்டில் பெரியவர் ஒருவர் கடைசி நாட்களில் இருந்தார். சபையில் பொறுப்பு வகித்தவர். எபிரெயர் ஆறாம் அதிகாரம் அவரைப் பிடித்துக்கொண்டது. மறுதலித்துப் போனவர்களை மனந்திரும்புதலுக்குப் புதுப்பிக்க முடியாது என்று வருகிறதே, அந்த இடம். வாலிபத்தில் ஏதோ செய்தார் போலும், என்னவென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதே அதிகாரத்தில் ஒன்பதாம் வசனத்தை வாசித்துக் காட்டினேன். உங்களைக் குறித்து நல்லதையே நம்பியிருக்கிறோம் என்று ஆசிரியர் உடனே ஆற்றுகிறார். பெரியவர் தலையை ஆட்டினார். ஏற்றுக்கொண்ட ஆட்டல் இல்லை அது.

சபைக் குருவான ஐயர் திருவிருந்து கொண்டுவந்தார். பெரியவரின் கை நடுங்கி அப்பம் போர்வையில் விழுந்தது. ஐயோ, இதற்கும் நான் தகுதியில்லை போல என்று அழத் தொடங்கிவிட்டார். ஐயர் ஒன்றும் பேசவில்லை. விழுந்ததை எடுத்துத் தாமே உண்டார். இன்னொன்றை எடுத்து, கையில் கொடுக்காமல் நேரே அவர் வாயில் வைத்தார். பெரியவர் மென்று விழுங்கினார். அதற்குப் பிறகும் சில இரவுகள் பயந்துதான் இருந்தார், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எபிரெயரை வாசிக்கச் சொல்லவில்லை. "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்ற வசனத்தை மட்டும் கேட்டார். இரவுப் பணியில் நான் அதைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவேன்.

சேலம், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்

நான் பெந்தெகொஸ்தே சபை. எனக்குத் தேதி உண்டு, இடமும் உண்டு. குடித்துவிட்டுப் பஸ் நிலையத்தில் கிடந்தவனை ஒரு சகோதரர் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற்றேன், ஆவியின் ஏவுதலால் கற்றிராத அந்நிய பாஷையும் பேசினேன். பொய்யில்லை, மெய்யாக நடந்தது. ஆனாலும் தேதி உள்ளவனுக்குச் சந்தேகமே வராது என்று தம்பி நினைத்துவிட வேண்டாம். பட்டறையில் கடன் ஏறி, பழைய கூட்டாளிகள் பாட்டிலோடு வந்து நின்ற சாயங்காலங்களில் அந்தத் தேதி எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

உதவி செய்தது யோவானின் முதல் நிருபம். நித்தியஜீவன் உங்களுக்கு உண்டென்று நீங்கள் அறியும்படி எழுதுகிறேன் என்று யோவானே காரணம் சொல்லுகிறார், ஐந்தாம் அதிகாரம் பதின்மூன்றாம் வசனம். எதைக் கொண்டு அறிவது? மூன்றாம் அதிகாரத்தில், "நாம் சகோதரரிடத்தில் அன்புகூருகிறபடியால், மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறோமென்று அறிந்திருக்கிறோம்" என்கிறார். என் தம்பியோடு எனக்குச் சொத்துத் தகராறு. முன்பெல்லாம் அவன் பெயரைச் சொன்னாலே கெட்ட வார்த்தைதான் வரும். அவன் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது பந்தலுக்கு இரும்புக் கால் முழுவதையும் நான் வெல்டிங் வைத்துக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. வீட்டுக்காரி சொன்னாள்: நீங்கள் பாஷை பேசியபோது நான் நம்பவில்லை, இதைத்தான் நம்புகிறேன்.

பாளையங்கோட்டை அம்மா, குழந்தை ஞானஸ்நானத்தில் உங்களோடு எனக்கு வழக்கு உண்டு. அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

தம்பி பயப்படும் மத்தேயு ஏழைப் பற்றி ஒன்று. அங்கே "கர்த்தாவே, கர்த்தாவே" என்கிறவர்கள் எதை நீட்டுகிறார்கள் என்று பாருங்கள். தீர்க்கதரிசனம் சொன்னோம், பிசாசுகளைத் துரத்தினோம், அற்புதங்கள் செய்தோம். துளிச் சந்தேகம் இல்லாமல், கணக்குப் புத்தகத்தோடு வந்து நிற்கிறார்கள். தேதி எழுதக்கூடத் துணியாத உங்களை அந்த வரிசையில் சேர்க்க எனக்கு வழி தெரியவில்லை. அடுத்த முறை வாசிக்கும்போது, அதற்குச் சற்று மேலே, அதே அதிகாரத்தில், அப்பத்தைக் கேட்கிற மகனுக்குக் கல்லைக் கொடுக்கிற தகப்பன் உண்டா என்று ஆண்டவர் கேட்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்.