பாத்தோச்காவோடு உங்களுக்கு நேர்ந்த ஒரு தருணம்: அனுபவப் பகிர்வு

டிராம்22:
போன மார்ச்சில் பிராகில், பிரெவ்னோவ் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். செக் தத்துவவாதி பாத்தோச்கா, மனித உரிமைகளை மதிக்கும்படி கம்யூனிஸ்ட் அரசைக் கேட்ட சாசனம் 77, அதற்காக அவரிடம் நடந்த போலீஸ் விசாரணை, அதன் பின் அவர் இறந்த மருத்துவமனை, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. யான் பாத்தோச்காவின் கல்லறையைத் தேடி அலைந்தபோது பூவாளியோடு வந்த ஒரு பாட்டி வழி காட்டினார். என் செக் அரைகுறை. 1977 மார்ச் 16, அடக்கத்தன்று இங்கே இருந்தீர்களா என்று எப்படியோ கேட்டுவிட்டேன். தலையாட்டினார். பூவாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு விரலை மேலே தூக்கி வட்டமாகச் சுற்றினார். ஹெலிகாப்டர். அப்புறம் இரண்டு கைகளாலும் காற்றை முறுக்கினார். பக்கத்து மைதானத்தில் உறுமிய மோட்டார் சைக்கிள்கள். குழிமேட்டில் பேசியது யார் காதிலும் விழவிடாமல் போலீஸ்காரர்கள் செய்தார்களே, அது. அந்த விரல் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

நகல்தாள்:
அவர் சாவைப் பற்றி மட்டுமே பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஜெர்மன் தத்துவவாதி ஹுஸ்ஸெர்லிடம் படித்த மனிதர், போருக்குப் பின் 1945 முதல் 49 வரை, பிறகு 1968 முதல் 72 வரை, அவ்வளவுதான் பல்கலைக்கழகம் அவருக்குத் தந்த காலம். மற்றதெல்லாம் வீட்டுக் கூடங்களில் நடந்த வகுப்புகள். அந்தக் காலத்தில் தட்டச்சடித்து ரகசியமாகப் பரப்பிய நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் லிப்ரி ப்ரொஹிபிதி நூலகத்தில் அப்படி ஒரு பிரதியைக் கையில் தந்தார்கள். கார்பன் வைத்து அடித்ததில் கடைசித் தாளாக இருக்க வேண்டும், வெங்காயச் சருகு மாதிரி காகிதம், எழுத்து மங்கி 'e' எது 'o' எது என்றே தெரியவில்லை. இதையும் ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார்.

மூன்றாம்மாடி:
நகல்தாள், சாவைத் தனியாகவும் தத்துவத்தைத் தனியாகவும் எப்படிப் பிரிக்கிறீர்கள்? ஆன்மாவைப் பேணுவது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவர் 69 வயதில் நாடகாசிரியர் ஹாவெல், முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹாயெக் ஆகியோரோடு சாசனத்தின் பேச்சாளராக நின்றார். அதுவும் அவர் பாடம்தான். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சாசனத்தைக் கண்டித்து அப்போது வேலையிடத்தில் கையெழுத்துப் போட்டாராம், அதில் ஒரு வரிகூடப் படிக்காமல். இதைச் சொல்வதற்கு முன் எழுந்துபோய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டார். ஒட்டுக்கேட்பவர்களுக்குத் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கட்டும் என்ற பழைய பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் மூடினார்.

மெதுவாகப்படி:
நானும் கல்லறைக்குப் போனேன், மழை, பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டேன். ஆனால் புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேராக அவருடைய 'மதவிரோதக் கட்டுரைக'ளின் ஆறாவது கட்டுரைக்குப் போகாதீர்கள், அதில் வரும் போர்முனையும், அங்கே நம்பிக்கைகள் ஆட்டங்கண்டவர்களிடையே பிறக்கும் ஒற்றுமையான 'உலுக்கப்பட்டவர்களின் தோழமை'யும் முதல் வாசிப்பில் பிடிபடாது. சாசனத்தைப் பற்றி 1977இல் அவர் எழுதிய சிறு குறிப்புகளை முதலில் படியுங்கள். துன்பப்பட்டாவது காக்க வேண்டியவை உண்டு என்று மக்கள் மறுபடி உணர்ந்திருக்கிறார்கள் என்பார், மார்ச் 8 தேதியிட்டது, 13ஆம் தேதி ஆள் இல்லை. பிறகு 'பிளேட்டோவும் ஐரோப்பாவும்', அது 1973இல் பேசியது என்பதால் காதுக்கு எளிது. முடிந்தால் இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து, வாய்விட்டு, ஒரு நாளைக்கு நாலு பக்கத்துக்கு மேல் போகாமல். அவசரப்பட்டால் ஒன்றும் நிற்காது, நான் இரண்டு வருஷம் அப்படித்தான் வீணாக்கினேன்.

டிராம்22:
மூன்றாம்மாடி, அந்தக் குழாயைப் படித்ததிலிருந்து வேறு யோசனை வரவில்லை. பாட்டி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, எல்லாம் சைகைதான். என் செக் மோசம் என்பதால் அப்படிக் காட்டினார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.