மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தாக்குவதற்கு ஒரு சொல்: ‘ஒட்டெதிர்ப்பு’

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட பிள்ளைகளின் பெற்றோருக்காக நாங்கள் சிலர் எழுதிவரும் கையேடு, மாற்றிய சிறுநீரகத்தை உடல் தாக்குவதற்கு (ஆங்கிலத்தில் rejection) ஒரு சொல் அமையாமல் மூன்று வாரமாக நிற்கிறது. இந்தக் குழு உரையாடலில் நீங்கள் சொன்ன நிராகரிப்பு, மறுப்பு, ஏற்பின்மை, ஒவ்வாமை எல்லாவற்றையும் பெற்றோர் சிலரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நிராகரிப்பு ஏன் ஆகாது என்று இருவர் கேட்டிருந்தீர்கள். பண்ருட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், எட்டு வயது மகனுக்குத் தன் சிறுநீரகத்தையே கொடுத்தவர். பயாப்ஸி (சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்க்கும் சோதனை) முடிவு வந்த அன்று, ‘உங்க கிட்னியைப் பையன் உடம்பு நிராகரிச்சிடுச்சு’ என்று அவரிடம் சொன்னார்கள். புடவைத் தலைப்போடு விலாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ‘நான் குடுத்ததுதான் சரியில்லையா?’ என்று கேட்டார். கிட்னி போயே போய்விட்டது என்று நினைத்துவிட்டார். போகவில்லை. மூன்று நாள் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஏற்றி, எதிர்ப்பை அடக்க அன்றாடம் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவைச் சரிசெய்ததும் மீண்டது. நிராகரிப்பு என்றால் முடிந்துபோன தீர்ப்பு மாதிரி காதில் விழுகிறது. நடப்பது ஒரு தாக்குதல். நேரத்தோடு கண்டுபிடித்தால் பல சமயம் அடக்கிவிடலாம். மறுப்புக்கும் இதே குறைதான்.

ஏற்பின்மை, ஏதோ ஒன்று இல்லாததைச் சொல்கிறதே தவிர நடப்பதைச் சொல்லவில்லை. ஒவ்வாமை அலர்ஜிக்குப் போய்விட்ட சொல். அதைச் சொன்னதும் ஒரு பாட்டி, ‘அப்ப கத்தரிக்காய், கருவாடு ஆகாது’ என்றார்.

விருத்தாசலத்து ஐயா எழுதியது:

> ஒட்டுக் கன்று பிடிக்கவில்லை என்கிறோமே, ‘ஒட்டுப் பிடியாமை’ என்றால் என்ன?

ஐயா, ‘ஒட்டு’ என்பதைக் கொடுத்தீர்களே, அதற்கே நன்றி. முந்திரி நாற்றில் இளந்தண்டை ஆப்பாகச் சீவிச் செருகி, பாலித்தீன் நாடா சுற்றுவதைக் கடலூர் மாவட்டத்தில் பார்க்காதவர் குறைவு. ஆனால் பிடியாமை முதலிலேயே ஒட்டாமல் போவது. இங்கே ஒட்டு நன்றாகப் பிடித்துவிடுகிறது. அறுவை மேசையிலேயே சிறுநீர் வரத் தொடங்கிவிடுவதும் உண்டு. தாக்குதல் சில நாளிலும் வரலாம், சில வருடம் கழித்தும் வரலாம்.

ஆகவே ஒட்டெதிர்ப்பு. நோயெதிர்ப்பு எல்லோருக்கும் தெரிந்த சொல்; நோயை எதிர்ப்பது நோயெதிர்ப்பு, ஒட்டை எதிர்ப்பது ஒட்டெதிர்ப்பு. இரண்டும் இரண்டாம் வேற்றுமைத் தொகை. ஒட்டுதான் எதிர்க்கிறது என்று பொருள் வராதா என்ற கேள்விக்கும் இதுவே பதில்: நோயெதிர்ப்பை நோய் செய்யும் எதிர்ப்பு என்று யாரும் படிப்பதில்லை. இரண்டையும் செய்வது உடம்பின் ஒரே படைதான் என்பதும் சொல்லிலேயே தெரிகிறது. 1954இல் பாஸ்டனில் ஒரே அச்சான இரட்டையரிடையே சிறுநீரகம் மாற்றியபோது அந்தப் படை அதை அந்நியமாகப் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு மாத்திரை வேண்டும். ‘நோயெதிர்ப்பைக் கொஞ்சம் குறைத்தால்தான் ஒட்டெதிர்ப்பு அடங்கும்’ என்று நான் சொன்னபோது, மாத்திரையை ஏன் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என்பதை அந்தப் பண்ருட்டி அம்மாவே எனக்கு விளக்கினார்.

கிளைச் சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன: டி-செல் என்ற வெள்ளணுக்கள் தாக்கினால் டி-செல்வழி ஒட்டெதிர்ப்பு, ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள் (antibody) தாக்கினால் எதிர்ப்பொருள்வழி ஒட்டெதிர்ப்பு, நாள்பட்ட ஒட்டெதிர்ப்பு. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் காட்டாமல் திசுவில் மட்டும் தெரிவதற்கு மறை ஒட்டெதிர்ப்பு. திசுவைப் பார்த்து ஒட்டெதிர்ப்பை வகைப்படுத்தும் பான்ஃப் வகைப்பாடு ஊர்ப்பெயரால் வந்தது, அப்படியே இருக்கட்டும்.

எனக்கு இதைவிடக் கவலை கண்டறிதல் பகுதிதான். கடலூர் முதுநகரிலிருந்து வரும் நாலு வயதுப் பெண் குழந்தைக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவு, ரத்தத்தில் அளப்பது; பேச்சில் ‘உப்பு’) எப்போதும் 0.4. ஒரு மாதம் 0.6 என்று வந்தது. ஆய்வகத் தாளில் பெரியவர்களுக்கான வரம்பு, 1.2 வரை என்று அச்சிட்டிருந்தது. நட்சத்திரக் குறி எதுவும் இல்லை. ‘உப்பு நார்மல்’ என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் அப்பா. அந்தக் குழந்தைக்கு அது ஒன்றரை மடங்கு! கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. பிள்ளைக்குத் தசை கொஞ்சம், உள்ளே இருப்பதோ பெரியவரின் சிறுநீரகம். அதில் கணிசமான பகுதி அடிபட்ட பிறகும் எண் மெல்லத்தான் ஏறும். காய்ச்சல், வலி, வீக்கம் எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

இதனால் இன்னொரு சொல்லும் வேண்டும். அந்தக் குழந்தைக்கு வழக்கமாக இருக்கும் அளவை ‘அடிப்படை அளவு’ என்று எழுதியிருந்தோம், ஒருவருக்கும் ஒட்டவில்லை. ‘சொந்த அளவு’ என்றதும் புரிந்துகொண்டார்கள். கையேட்டின் முதல் பக்கத்திலேயே ‘பிள்ளையின் சொந்த அளவு: ____’ என்று கட்டம் போடுகிறோம்.

அப்புறம், ஏறிய எண்ணெல்லாம் ஒட்டெதிர்ப்பு ஆகிவிடாது. வயிற்றுப்போக்கில் நீர் வற்றினாலும், சிறுநீரில் கிருமி இருந்தாலும், டாக்ரோலிமஸ் கூடிப்போனாலும், சிறுநீர்க் குழாய் அடைத்தாலும், எதிர்ப்பு குறைந்திருக்கும்போது மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்கும் பிகே வைரஸாலும் ஏறும். இவற்றில் சிலவற்றுக்குச் சிகிச்சை நேர் எதிர். பிகே வைரஸ் என்றால் எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் குறைப்பார்கள். அதனால்தான் ஊசியால் துளி சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அதுவரை ‘ஒட்டெதிர்ப்பு ஐயம்’, பார்த்த பிறகே ‘ஒட்டெதிர்ப்பு’ என்று கையேடு முழுக்கப் பிரித்து எழுதலாம் என்று நினைக்கிறேன்.

பயாப்ஸிக்குத் திசு ஆய்வு என்று போட்டிருக்கிறோம். பெற்றோர் சொல்வது ‘சதை எடுத்துப் பார்க்கிறது’. ‘சதை’ என்றதும் பிள்ளைகள் பயந்து அம்மா மடியில் ஒண்டுகிறார்கள், திசு என்றால் பெரியவர்களுக்கே புரியவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.