விசாரணையைத் தாங்கும் மனநிலை: கமிட்டலுக்கு முன்பா, பின்பா?

வாய்தா_குறிப்பு:
கொலை வழக்கு. குற்றப்பத்திரிகை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கோப்புக்கு எடுக்கப்பட்டுவிட்டது. எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். பிஎன்எஸ்எஸ் (குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 367-இன்படி (பழைய சிஆர்பிசி 328) மாஜிஸ்திரேட்டே மனநிலையை விசாரிக்க வேண்டுமா? வழக்கை செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பி (அதுதான் கமிட்டல்), 368-இன்கீழ் அங்கே பார்த்துக்கொள்ளலாமா?

செஷன்ஸ்_பக்கம்:
அனுப்புவதே சரி. செஷன்ஸ் மட்டுமே விசாரிக்கத்தக்க வழக்கில் மாஜிஸ்திரேட்டுக்குச் சாட்சியத்தை எடைபோடும் அதிகாரம் கிடையாது. கமிட்டல் கட்டத்து வேலையை நிர்வாகப் பணி என்றே ஹர்தீப் சிங் வழக்கில் (2014) உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. 367-ஐ அங்கே கொண்டுவந்தால், முகாந்திரம் (வழக்கு நடத்த முதல்நோக்கில் போதிய ஆதாரம்) இல்லாதபோது எதிரியை விடுவிக்கும் கடமையும் கூடவே வரும். கொலை வழக்கில் மாஜிஸ்திரேட் அப்படி உத்தரவு போட முடியுமா? மேலும் 232-ஆம் பிரிவு கமிட்டலை 90 நாளில் முடிக்கச் சொல்கிறது; காரணம் எழுதினால் 180 வரை.

கீழ்க்கோர்ட்டு:
சார், ஹர்தீப் சிங் வழக்கு புதிதாக ஒருவரை எதிரியாகச் சேர்ப்பது பற்றியது. டிரையல் அல்லாமல் கோர்ட் நடத்தும் எல்லாமே என்கொயரி என்பதுதான் சட்டத்தின் வரையறை; 367-உம் என்கொயரி நடத்தும் மாஜிஸ்திரேட்டைத்தான் சொல்கிறது. 230-இன்கீழ் எதிரிக்குத் தர வேண்டிய வழக்கு ஆவண நகல்களை யாரிடம் கொடுப்பீர்கள்? தன் பெயரையே சொல்லத் தெரியாதவரிடம் கையெழுத்து வாங்கி ‘நகல் பெற்றார்’ என்று எழுதினால் அந்தப் பிரிவுக்கு என்ன அர்த்தம்? கமிட் ஆகி, எஸ்.சி. எண் (செஷன்ஸ் வழக்கு எண்) விழுந்து, முதல் வாய்தா வரும்வரை மருந்தில்லாமல் ஜெயிலில் கிடப்பார். 369 இருப்பதே இதற்காக. ஜாமீனில் விடத்தக்க குற்றமோ இல்லையோ, உள்நோயாளி சிகிச்சை தேவையில்லை, உறவினர் பொறுப்பேற்கிறார் என்றால் விடலாம். விட முடியாவிட்டால் சிகிச்சை கிடைக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

மனநல_வார்டு:
யார் விசாரித்தாலும் சறுக்குவது சான்றிதழில்தான். ‘ஸ்கிசோஃப்ரினியா உள்ளது, சிகிச்சை தேவை’ என்று ஒரு வரி வரும். அதை வைத்தே கோர்ட் வழக்கைத் தள்ளிவைக்கும். நோய் இருப்பது வேறு, வழக்கில் தன் தரப்பை எடுத்துச் சொல்ல இயலாமை வேறு. கோர்ட் அனுப்பும் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்: குற்றச்சாட்டு என்ன என்று புரிகிறதா, நீதிபதியும் வக்கீலும் யார் என்று தெரிகிறதா, வக்கீலுக்கு விவரம் சொல்ல முடிகிறதா, சாட்சி பேசுவதைப் பின்தொடர முடிகிறதா. சம்பவ நாளன்று புத்தி எப்படி இருந்தது என்பதை இதில் கலக்கக் கூடாது. அது தண்டனைச் சட்டமான பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 22 (பழைய ஐபிசி 84). மருத்துவரைச் சாட்சியாக விசாரித்து எழுத்தில் பதிய வேண்டும் என்று 367 சொல்கிறது. அது பெரும்பாலும் நடப்பதில்லை. மருத்துவக் கருத்தை ஏற்காத எதிரி மருத்துவ வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம்: அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுத் தலைவரும், அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் மனநல ஆசிரியர் ஒருவரும்.

புதுச்சட்டம்2017:
மனநல பராமரிப்புச் சட்டம் 105-ஐ எல்லாரும் மறந்துவிட்டீர்கள். மனநோய்க்கான ஆதாரத்தை எதிர்த்தரப்பு மறுத்தால் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். 120-இன்படி அந்தச் சட்டமே மேலோங்கும். ஆகவே முடிவு வாரியத்தின் கையில்.

கீழ்க்கோர்ட்டு:
வாரியம் தருவது கருத்து மட்டுமே. அதே சட்டத்தின் 3(5)-ஐப் படியுங்கள்: மனநோய் என்று தீர்மானித்தாலே சித்தசுவாதீனமற்றவர் ஆகிவிட மாட்டார், அதைத் தகுதியுள்ள கோர்ட் அறிவிக்க வேண்டும். அரசு வக்கீல் மறுத்தால் வாரியத்துக்கு அனுப்புங்கள், கருத்து வந்ததும் கோர்ட்டே தீர்மானிக்கட்டும்.

செஷன்ஸ்_பக்கம்:
105 பற்றி உடன்படுகிறேன். கமிட்டல் பற்றி இல்லை. மாஜிஸ்திரேட் சிகிச்சைக்கு உத்தரவிடட்டும், 369-ஐப் பயன்படுத்தட்டும். ஆனால் முகாந்திரம் உண்டா இல்லையா என்று ஒரு வரிகூட எழுதக் கூடாது. எழுதினால் அரசுத் தரப்பு சீராய்வுக்குப் போகும், அந்த உத்தரவு நிற்காது.

மனநல_வார்டு:
எந்தக் கோர்ட் தள்ளிவைத்தாலும் அடுத்த அறிக்கைக்குத் தேதி குறிக்கட்டும். அசாமில் மச்சாங் லாலுங் 1951-இல் கைதாகி 2005-இல்தான் வெளியே வந்தார். 54 ஆண்டுகள், விசாரணையே முடியவில்லை. தேறியவரைத் திரும்ப அழைத்துவர 376 வழி வைத்திருக்கிறது: ஜெயிலில் இருந்தால் சிறைத்துறைத் தலைவர், அரசு மனநல மருத்துவமனையில் இருந்தால் மனநல மறுஆய்வு வாரியம் சான்று தர வேண்டும். கோர்ட் தேதி குறித்துக் கேட்காவிட்டால் அந்தச் சான்றை யாரும் எழுதுவதில்லை.