புதுப்பிப்பு: பனிவேலி வேலைக்கு ஆள் தேடியது

நியூசிலாந்தின் தென்தீவில் பனிச்சறுக்குத் தளப் பராமரிப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் என் சித்தப்பா மகனுக்காக, பனிவேலி அமைக்கத் தெரிந்தவர்கள் சிங்கப்பூரில் கிடைப்பார்களா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். இருவர் அமைந்துவிட்டார்கள், இருவருமே பனியைக் கண்ணால் கண்டதில்லை, ஆனால் ஜூரோங் கப்பல் பட்டறைகளில் சாரம் கட்டிப் பழகியவர்கள்.

கேள்வியை நான் சரியாகக் கேட்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சறுக்குத் தளத்தில் வேலி என்பது இரு வேறு வேலைகளைக் குறிக்கிறது. வீரர்கள் சறுக்கி விழுந்தால் தாங்கும் பாதுகாப்பு வலைக்குப் பனியிலேயே துளையிட்டுக் கம்பம் நடுகிறார்கள். எங்களுக்குத் தேவையான, பனியைச் சேர்க்கும் வேலியோ காற்றை முழுவதும் தடுப்பதில்லை. ஏறத்தாழப் பாதிப் பரப்பு இடைவெளியாக இருப்பதால் அதனூடே செல்லும் காற்று வேகம் குறைந்து, சுமந்து வந்த பனியை மறுபுறத்தில் உதிர்த்துவிடுகிறது. அந்தக் குவியல் வேலியின் உயரத்தைப்போல் சுமார் 30 மடங்கு தூரம் வரை நீளக்கூடும் என்பதால், எங்கே நடுவது என்ற கணிப்பே உண்மையான திறமை. வேலியே புதைந்துவிடாமல் இருக்க அடியில் உயரத்தின் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி விட வேண்டும்.

ஆகவே காற்றின் திசையறிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் இடங்களைக் குறித்துக் கொடுப்பார். நிலம் உறைவதற்குள் கம்பங்களை ஊன்றி இழுகம்பி கட்டுவது நம்மவர்களின் பொறுப்பு. வேலை விசாவுக்கு விண்ணப்பித்தாயிற்று. முன்பணம் கேட்ட முகவர் ஒருவரை அன்றே தவிர்த்துவிட்டோம்.