பல் காப்புறுதியில் தரும் தொகை வருடா வருடம் கூடும் என்கிறார்கள், பொறுத்திருந்தால் லாபமா?

ஸ்காபரோ ட்ரக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். வேலையை விட்டுச் சொந்தமாக ட்ரக் ஓட்டத் தொடங்கி ஐந்து கிழமை ஆகிறது. வேலையிடத்துக் காப்புறுதி அதோடு நின்றுவிட்டது. டொக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒன்ராறியோ அரசின் காப்புறுதியான ஓஹிப் இருக்கிறது, ஆனால் பல், கண்ணாடி, மருந்து எல்லாம் இனி எங்கள் கையில்தான். ஒரு தனியார் காப்புறுதிப் பிளான் விசாரித்தேன். பல்லுக்கு அவர்கள் தருவது முதல் வருடம் 500 டொலர் வரை, இரண்டாம் வருடம் 700, மூன்றாம் வருடத்திலிருந்து 1,000. கிரவுன் (பல்லுக்கு மேல் போடும் உறை), பிரிட்ஜ் (விழுந்த பல்லின் இடத்தில் கட்டும் பல்) எல்லாம் மூன்றாம் வருடத்தில்தான், அதுவும் பாதிச் செலவுதான் தருவார்களாம். மனைவிக்குக் கடைவாய்ப் பல் ஒன்று வெடித்திருக்கிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். இந்தப் பிளானை எடுக்கலாமா?

மார்க்கம் அக்கா:
தம்பி, நான் பல் கிளினிக்கில் முன்மேசையில் வேலை செய்கிறேன். ஏன் இப்படிப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள் என்றால், பல் வெடித்த பிறகு பிளான் எடுத்து, கிரவுன் போட்டு, அடுத்த மாதமே நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதனால் துப்புரவு, ஃபில்லிங் போன்றவற்றை முதலில் தருவார்கள், பெரிய வேலைகளுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த 500ஐ இந்த வருடம் எடுக்காவிட்டால் பெரும்பாலும் அடுத்த வருடத்துக்குச் சேராது, அதையும் கேளுங்கள். பிரீமியமும் வயதோடு ஏறும், ஆகவே மூன்று வருடக் கட்டணத்தைக் கூட்டி, மூன்று வருடத்தில் உண்மையாக என்ன திரும்ப வரும் என்பதோடு வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, வேலையிடக் காப்புறுதி நின்ற பிறகு 60 நாளுக்குள், சில நிறுவனங்களில் 90 நாளுக்குள், உடல்நலக் கேள்வி எதுவும் இல்லாமல் தனிப் பிளானுக்கு மாறலாம். சீனியோ பிரஷரோ இருந்தால் மருந்துக்காக அந்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள்.

பிராம்டன் கணக்குப்பிள்ளை:
கையெழுத்துப் போடும் முன் கொஞ்சம் பொறுங்கள்! போன வருடக் குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் குறைவா? அப்படியென்றால் கனடிய அரசின் பல் பராமரிப்புத் திட்டத்தில் சேரலாம். 2025இல் 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். 70,000க்குக் கீழே என்றால் அரசு வைத்திருக்கும் கட்டணத்தில் உங்கள் பங்கு இல்லை, அதற்கு மேல் 40 அல்லது 60 சதவீதம். பல் டொக்டர் அதைவிடக் கூட அறவிட்டால் மிச்சத்தை நீங்கள் கட்ட வேண்டும். கிரவுனுக்கு முன் அனுமதி வேண்டும், லேசில் கிடைப்பதில்லை, ஆனால் கேட்டுப் பார்க்கலாம்.

முக்கியமான விஷயம், சொந்தக் காசில் பல் காப்புறுதி வாங்கினாலும் அந்தத் திட்டத்தில் சேர முடியாது. எங்கள் ஆட்கள் பலர் இது தெரியாமல் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், பார்க்க வயிறு எரிகிறது. மருந்துதான் கவலை என்றால் பல் சேராத பிளானாகக் கேளுங்கள்.

அஜாக்ஸ் அண்ணன்:
வருமானம் கூட என்றால் நான் பட்டதைக் கேளுங்கள். இரண்டு வருடம் ஒரு பிளானில் இருந்தேன். மாதம் 18 டொலர் மிச்சம் என்று வேறு நிறுவனத்துக்கு மாறினேன். அங்கே நான் மறுபடி முதலாம் வருடக்காரன். ஆறு மாதத்தில் பல் உடைந்தது, கிரவுனுக்கு முழுக்காசும் கையிலிருந்து போனது. பழைய இடத்தில் இருந்திருந்தால் பாதியாவது வந்திருக்கும். எந்தப் பிளான் எடுத்தாலும், பெரிய வேலைக்கு முன் பல் டொக்டரிடம் சொல்லி மதிப்பீட்டை நிறுவனத்துக்கு அனுப்பி, எவ்வளவு தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். கட்டிய பிரீமியத்தை வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம், ரசீதுகளை எறியாதீர்கள்.

ஸ்காபரோ ட்ரக்காரன்:
மிகவும் நன்றி. இப்போதுதான் வரி அறிக்கையை எடுத்துப் பார்த்தேன், இருவருக்கும் சேர்த்து 64,000 சொச்சம். நாளைக்கே அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கிறேன். 60 நாள் முடிய இன்னும் மூன்று கிழமை இருக்கிறது, அதற்குள் பல் இல்லாமல் மருந்துக்கு மட்டும் மாற முடியுமா என்று பழைய காப்புறுதிக்காரரைக் கேட்கிறேன். அக்கா, முன் அனுமதிக்கு எக்ஸ்ரே புதிதாக எடுக்க வேண்டுமா? மார்ச்சில் எடுத்தது ஒன்று இருக்கிறது.

மார்க்கம் அக்கா:
மார்ச்சில் எடுத்ததையும் கொண்டு போங்கள் தம்பி. வெடிப்பு அதற்குப் பிறகு வந்தது என்றால் புதிதாக ஒன்று எடுக்கச் சொல்வார்கள்.